எல்லாப் பிள்ளைக்கும் எட்டும் பாடம்

கேரளத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் எங்கே கூடினாலும், பேச்சு பொங்கல் விழாவில் தொடங்கினாலும் சரி, புளி விலையில் தொடங்கினாலும் சரி, கடைசியில் பிள்ளைகளின் படிப்பில்தான் வந்து நிற்கும். "பெரியவன் பரவாயில்லை, சின்னவளுக்குத்தான் பாடம் ஏறவே மாட்டேன் என்கிறது" என்று ஒரு தாய் சொல்வார். "டியூஷன் வைத்தும் பிரயோசனம் இல்லை" என்பார் இன்னொருவர். நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "இவளிடம் என்ன சார் குறை?" என்ற கேள்வியும் என்னிடமே வந்து சேரும்.

அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். பாடம் பிள்ளைக்கு எட்டவில்லை என்றால், பிள்ளையின் கை குட்டையா, பாடத்தை வைத்த பரண் உயரமா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட கல்வியாளர்கள் ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். அதற்கு யுனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங் என்று பெயர். தமிழில் 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர்தான் நீளமே தவிர, கருத்து நம் வீட்டுச் சமையலறையில் இருப்பதுதான். பல் முளைக்காத குழந்தைக்கும், பல் போன பாட்டிக்கும், பசியோடு வரும் இளைஞனுக்கும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறோம். ஆளுக்கொரு சமையல் செய்வதில்லை. சோற்றைச் சற்றுக் குழைய வடித்து, காரத்தைத் தனியே வைத்து, எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரும்படி முன்கூட்டியே யோசித்துச் செய்கிறோம். பாடத்தையும் அப்படி யோசித்துச் செய்ய முடியுமா என்பதே கேள்வி.

படிக்கட்டும் சாய்தளமும்

இந்தக் கருத்து முதலில் பிறந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, கட்டடக் கலையில். அமெரிக்காவில் ரொனால்ட் மேஸ் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி, அதன்பின் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், மாடியில் நடக்கும் வகுப்புகளுக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்ததாம். கட்டி முடித்த கட்டடத்தில் பிறகு ஒரு மரப் பலகையைச் சாய்த்து வைப்பதைவிட, வரைபடம் போடும்போதே எல்லோரும் நுழையும்படி போட்டுவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். 1997-இல் அவர் தலைமையில் கூடிய ஒரு குழு, இத்தகைய வடிவமைப்புக்கு ஏழு கோட்பாடுகளை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

சாய்தளம் கட்டியதால் பயன்பெற்றவர்கள் சக்கர நாற்காலியில் வருபவர்கள் மட்டுமா? நம் தம்பானூர் ரயில் நிலையத்தைப் பாருங்கள். சக்கரப் பெட்டியை இழுத்து வருபவர், கைக்குழந்தையோடு வருபவர், மூட்டுவலிப் பாட்டி என்று எல்லோரும் படிக்கட்டை விட்டுச் சாய்தளத்தைத்தான் தேடுகிறார்கள். ஒருவருக்கென்று வைத்த வழி பலருக்கும் வசதியாகிவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பறையிலும் இதுவே நடக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1984-இல் காஸ்ட் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. உடற்குறையுள்ள பிள்ளைகள் பாடநூலைப் படிக்கக் கணினியால் எப்படி உதவலாம் என்பதே அதன் முதல் ஆராய்ச்சி. போகப் போக, டேவிட் ரோஸ், ஆன் மேயர் முதலிய அதன் நிறுவனர்களுக்கு ஒன்று புலப்பட்டது. பிள்ளையைப் பாடநூலுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருக்கிறோம், பாடநூலைத் திருத்த வேண்டாமா என்பதுதான் அது. 2008-இல் அவர்கள் முதல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டார்கள். அதன் மூன்றாம் பதிப்பு 2024-இல் வந்தது.

மூன்று கேள்விகள்

அந்த நெறிகளின் சாரத்தை மூன்று கேள்விகளில் அடக்கிவிடலாம்.

முதல் கேள்வி, ஏன்? இந்தப் பாடத்தை நான் ஏன் கற்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஒரு பிடிப்பு வேண்டும். ஒருவனுக்குப் போட்டி பிடிக்கும், இன்னொருத்திக்குப் போட்டி என்றாலே நடுக்கம். எனவே ஆர்வம் பிறக்கும் வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, என்ன? பாடப்பொருள் பிள்ளைக்கு எந்த வடிவில் போய்ச் சேருகிறது? அச்செழுத்தில் மட்டுமா? படம், பொருள், பேச்சு, தொட்டறிதல் என்று பல வாசல்கள் இருந்தால், ஒரு வாசல் அடைபட்ட பிள்ளையும் உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது கேள்வி, எப்படி? கற்றதைப் பிள்ளை எப்படிக் காட்டப்போகிறது? எழுதிக் காட்டுவது ஒரு வழி. சொல்லிக் காட்டுவதும், வரைந்து காட்டுவதும், செய்து காட்டுவதும் வழிகளே.

இந்த மூன்றையும், பாடம் நடத்தித் தோற்ற பிறகு அல்ல, பாடத்தைத் திட்டமிடும்போதே யோசித்துக்கொள்ள வேண்டும். இந்த முறையின் உயிர்நாடியே அதுதான்.

கல்லாற்றுக்குப் போவோம்

தத்துவமாகவே சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே நமக்குத் தெரிந்த ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, ஒரு பாடத்தை முழுதாகத் திட்டமிட்டுப் பார்ப்போம்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றைக் கடந்துதான் போக வேண்டும். நகரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். அதற்கப்பால் 22 கொண்டை ஊசி வளைவுகள். வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கிளையே கல்லாறு. தண்ணீர் தெளிந்து ஓடும். அடியில் யாரோ உட்கார்ந்து உருட்டி வைத்ததுபோல் மழமழவென்று கற்கள் கிடக்கும். ஊர்ப்பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பகுதியின் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். மலையாளம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. காட்டுக் குடியிருப்புகளிலிருந்து வரும் காணி இனத்துப் பிள்ளைகள் உண்டு. காணி மக்கள் அகத்தியமலையின் இரு சரிவுகளிலும் வாழ்பவர்கள். பாபநாசத்திலும் பேச்சிப்பாறையிலும் இருப்பவர்கள் அவர்களுடைய உறவினரே. அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். மூன்றாவதாக, சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்து, தலைமுறைகளாக லயங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால், பாடநூலின் மொழி எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இருக்குமா?

அதிகம் படிக்காத மக்கள் அறிவில்லாதவர்கள் என்று எண்ணுவோருக்கும் கல்லாற்றிலேயே விடை இருக்கிறது. 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற லட்சுமிக்குட்டி அம்மாள் இவ்வூர்க் காட்டைச் சேர்ந்த காணி இனப் பெண்மணி. நூற்றுக்கணக்கான பச்சிலை மருந்துகளை ஏட்டில் எழுதி வைக்காமல் நினைவிலேயே தாங்கியவர். எழுத்தில் மட்டுமே அறிவைத் தேடுகிறவன் இவரைத் தேர்வில் தோற்கடித்துவிடுவான்!

'வெள்ளம்' படுத்திய பாடு

மொழி எப்படிப் படிக்கட்டாகிறது என்பதற்கு நான் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பில், 'வெள்ளத்தின் பயன்கள் யாவை?' என்று மலையாளத்தில் கேள்வி. திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாக வந்த ஒரு சிறுமி, 'வெள்ளத்தால் பயன் இல்லை. வீடு இடிந்துவிடும், ஆடு மாடு செத்துப்போகும்' என்று தட்டுத்தடுமாறி எழுதியிருந்தாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். நாம் வெள்ளம் என்று சொல்வதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள். அவளுக்குப் பூஜ்யம் கிடைத்தது. அவளுடைய பதிலைத் தமிழில் படித்தால் நூற்றுக்கு நூறு!

இந்தச் சிறுமிக்குக் குறைந்தது அறிவா? இரு மொழிச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு சிறிய அட்டை சுவரில் தொங்கியிருந்தால் இந்தப் பூஜ்யம் விழுந்திருக்காது. அந்த அட்டைதான் அவளுக்குரிய சாய்தளம்.

பாடம்: ஆற்றுக் கல் ஏன் உருண்டை?

இப்போது பாடத்துக்கு வருவோம். நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பு. தலைப்பு, ஆறு. கல்லாற்றில் இது வெறும் மதிப்பெண் பாடமல்ல, உயிர்ப் பாடம். தண்ணீரின் தெளிவைப் பார்த்து மயங்கி இறங்கியவர்கள் பலர் இந்த ஆற்றின் கயங்களில் மூழ்கி உயிர்விட்டிருக்கிறார்கள். வட்டக்கயம் என்ற இடத்தின் பெயரை நாளிதழ்களில் நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆகவே இந்தப் பாடம் வேகமாகப் படிக்கிற நான்கு பிள்ளைகளுக்கு மட்டும் புரிந்தால் போதாது. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் புரிந்தாக வேண்டும்.

முதலில் ஆசிரியர் முடிவு செய்ய வேண்டியது குறிக்கோள். பாடம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ஆற்றில் உருண்டு மோதி மோதிக் கல்லின் முனைகள் தேய்கின்றன. இரண்டு, ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கத்தில் நீர் வேகமாக ஓடிக் கரையையும் அடியையும் அரிக்கிறது, அங்கே ஆழம் அதிகம். மூன்று, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே மலையில் பெய்த மழையால் ஆறு திடீரெனப் பெருகும். இந்தக் குறிக்கோள் எல்லோருக்கும் ஒன்றே. யாருக்காகவும் குறைப்பதில்லை. போகும் வழி மட்டுமே பல.

பாடத்தைத் தொடங்க ஒரு கூடைக் கற்கள் போதும். பாதிக் கற்கள் ஆற்றுப் படுகையில் கிடைத்த உருண்டைக் கற்கள், பாதி சாலையோரம் உடைத்துப்போட்ட ஜல்லி. பெரியவர்கள் எடுத்துவந்து வகுப்பில் வைக்க வேண்டும், பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கக் கூடாது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவி, கற்களை இரண்டு குவியலாகப் பிரிக்கட்டும். பார்வை குறைந்த பிள்ளை இந்த விளையாட்டில் எல்லோரையும் முந்திக்கொள்ளும். மொழி தெரியாத பிள்ளையும் பின்தங்காது. 'இது ஏன் இப்படி, அது ஏன் அப்படி?' என்ற கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை, பிள்ளைகளே கேட்பார்கள்.

அடுத்தது ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதில் உடைத்த செங்கல் துண்டுகளையும் கொஞ்சம் தண்ணீரையும் போட்டுக் குலுக்க வேண்டும். ஒரு குழு 100 முறை, ஒரு குழு 300 முறை, ஒரு குழு 500 முறை. ஒருவர் குலுக்க, ஒருவர் எண்ண, ஒருவர் குறிக்க, ஒருவர் துண்டுகளை வரிசைப்படுத்தலாம். துறுதுறுவென்று ஓர் இடத்தில் உட்கார மாட்டாத பிள்ளைக்குக் குலுக்கும் வேலையைக் கொடுங்கள், அன்று அவன்தான் வகுப்பின் நாயகன். துண்டுகளை எடுத்துப் பார்த்தால் முனைகள் மழுங்கியிருக்கும், தண்ணீர் சிவந்திருக்கும். தேய்ந்த செங்கல் எங்கே போயிற்று? தண்ணீரில் கலங்கி நிற்கிறது. ஆற்று மணலும் வண்டலும் பிறந்த கதையும் அங்கேயே வந்துவிடுகிறது.

மூன்றாவது ஒரு பெரிய தாம்பாளம். ஈர மணலைப் பரப்பி, ஒரு பக்கம் சற்று உயர்த்தி, வளைந்து செல்லும் ஒரு கால்வாயை விரலால் கீற வேண்டும். சொம்பிலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றினால், வளைவின் வெளிக்கரை இடிந்து விழுவதையும், உள்பக்கம் மணல் சேர்வதையும் கண்ணால் காணலாம். பிறகு தாம்பாளத்தின் மேல் பாதியை ஒரு துணியால் மறைத்து, மறைவில் ஒரு பிள்ளை ஒரு குடம் நீரைச் சாய்க்கட்டும். கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நீர் பாய்ந்து வரும். மூன்றாவது செய்தியை இதைவிடத் தெளிவாக எந்தப் பத்தியும் விளக்காது. காது கேளாத பிள்ளைக்கும் இதற்கு உரை தேவையில்லை.

இதற்குள் சுவரில் சொல் அட்டை ஏறியிருக்கும். தமிழில் தண்ணீர், மலையாளத்தில் வெள்ளம். தமிழில் வெள்ளம், மலையாளத்தில் வெள்ளப்பொக்கம். நீரோட்டத்துக்கு அவர்கள் ஒழுக்கு என்பார்கள். ஆற்றின் ஆழமான பள்ளத்தை நாம் மடு என்கிறோம், நெல்லைச் சீமையில் கசம் என்பார்கள், மலையாளத்தில் கயம். காணிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சொல்லையும் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு சிறு படம். கல், ஆறு இரண்டும் இரு மொழிக்கும் பொதுச்சொற்கள் என்பதைக் கண்டு பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சிக்கு அளவிருக்காது. அபகடம் என்று மலையாளப் பலகையில் எழுதியிருப்பது ஆபத்து என்று தெரிந்துகொள்வது தமிழ்ப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் உதவும்.

கடைசியாக, கற்றதைக் காட்டுவது. மூன்று கட்டங்களில் படம் வரையலாம். மணலில் செய்து காட்டி விளக்கலாம். தமிழிலோ, மலையாளத்திலோ, காணிப் பேச்சிலோ சொல்லலாம். ஒரு பத்தி எழுதலாம். பிள்ளை ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். எந்த வழியில் காட்டினாலும் அந்த மூன்று செய்திகளும் வந்திருக்கின்றனவா என்று மட்டும் ஆசிரியர் பார்க்க வேண்டும். இன்னொன்றும் செய்யலாம். ஆற்றங்கரையில் வைப்பதற்கு ஓர் எச்சரிக்கைப் பலகையை எல்லோரும் சேர்ந்து வரையட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், மொழி தெரியாத சுற்றுலாப் பயணி, சிறு குழந்தை ஆகிய மூவருக்கும் புரியும்படி பலகை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பலகையை வரையும்போது, அனைவருக்குமான வடிவமைப்பு என்றால் என்னவென்று அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

எழும் ஐயங்கள்

"இது பாடத்தை எளிதாக்கிக் கொடுப்பதுதானே?" என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. கருத்து எளிதாகவில்லை, அதை அடையும் வழியில் இருந்த தேவையற்ற முள் மட்டும் நீங்கியது. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். பாடத்தின் குறிக்கோளே பத்தி எழுதப் பழகுவது என்றால், அங்கே படம் வரைவது அதற்கு ஈடாகாது. எழுதத்தான் வேண்டும், அதற்குச் சொல் அட்டையும், தொடக்க வாக்கியமும், கூடுதல் நேரமும் துணையாகலாம். எது குறிக்கோள், எது வழி என்று ஆசிரியர் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

"என் பையன் பார்த்துக் கற்பவன், இவள் கேட்டுக் கற்பவள்" என்று பிள்ளைகளை வகைப்படுத்தும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. இந்த முறை அதுவல்ல. பிள்ளைகளை அப்படி வகைபிரித்து, அந்தந்த வகைக்கேற்ப மட்டும் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கு ஆராய்ச்சிகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லா வாசலையும் எல்லோருக்கும் திறந்து வைப்பதே இங்கு நோக்கம். நெற்றியில் முத்திரை குத்துவது அன்று.

"40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, போர்ஷனையும் முடித்துக்கொண்டு, இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பது ஆசிரியர்களின் ஐயம். நியாயமான ஐயமே. எல்லாப் பாடத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. பிள்ளைகள் வழக்கமாக இடறி விழும் பாடம் எதுவென்று ஆசிரியருக்குத் தெரியும். அந்த ஒரு பாடத்துக்கு ஒரு புது வாசல் திறந்தால் போதும். அடுத்த ஆண்டு இன்னொன்று. மேலே சொன்ன பாடத்துக்கு வேண்டியவை கல், செங்கல், மணல், தாம்பாளம், ஓர் அட்டை. கணினி கூடத் தேவையில்லை.

நம் நாட்டில் நடந்தவை

வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். இதே எண்ணத்தில் நம் நாட்டிலும் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி பள்ளத்தாக்கில், பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சிற்றூர்ப் பள்ளிகளுக்காகப் படக் குறியீடுகள் கொண்ட கற்றல் அட்டைகளை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறுவதுபோல் முன்னேறலாம். அதைக் கண்டு வந்த சென்னை மாநகராட்சி, எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, 2003-இல் தன் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. பின்னர் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அந்த வகுப்பறைகளில் பிள்ளைகளின் உயரத்துக்கே சுவரில் கரும்பலகை அமைத்தார்கள். பிள்ளையை உயரச் சொல்லாமல் பலகையைத் தாழ்த்தினார்கள். 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துப் பார்த்தது.

கேரளத்திலும் சான்று உண்டு. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் 'ரோஷ்னி' என்ற திட்டம் தொடங்கியது. வேலை தேடி வந்த வங்காள, ஒடியா, இந்தித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய மொழியிலேயே தொடங்கி, சிறிது சிறிதாக மலையாளத்துக்கு அழைத்துச் செல்வது அதன் முறை. ஆலுவாய்க்கு அருகே பினானிபுரம் பள்ளியில் அது வெற்றிகரமாக நடந்தது. பின்னர் கொரோனா காலத்தில், 2020 ஜூன் மாதம் 'ஃபர்ஸ்ட் பெல்' ஒளிபரப்பு தொடங்கியபோது, தமிழ், கன்னட வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் தயாரிக்கப்பட்டன. அயலாரின் பிள்ளைக்கு இவ்வளவு செய்ய முடியும் என்றால், பக்கத்து மொழிப் பிள்ளையான நம் பிள்ளைக்குச் செய்வது கடினமா என்ன?

சட்டம் நம் பக்கம்

கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. இது 1956-இல் சேர்க்கப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை பயிற்று மொழி பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அனைவருக்குமான வடிவமைப்பு என்ற சொல்லையே எடுத்து விளக்குகிறது. எழுத்துகள் தடுமாறும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அச்சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். நம் பிள்ளைக்கு அப்படி ஓர் இடர் இருந்தால் மறைக்காமல் பள்ளியிடம் தெரிவித்து, உரிய உதவியைக் கேட்டுப் பெறுவது பெற்றோர் கடமை.

பெற்றோர் செய்யத்தக்கவை

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் நம்மில் பலர் கேட்பது "மார்க் ஏன் குறைந்தது?" என்ற ஒரே கேள்விதான். இனிமேல் இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். "இந்தப் பாடத்தில் என் பிள்ளை முக்கியமாக எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் டீச்சர்?" என்பது ஒன்று. "அதை எழுதாமல் வாயால் சொன்னால் சரியாகச் சொல்கிறானா?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால், பையனுக்கு அறிவு இருக்கிறது, எழுத்தில்தான் தடை இருக்கிறது என்பது அந்த நிமிடமே தெளிந்துவிடும். மருந்தும் அதற்கேற்ப மாறும்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்பதைப் பள்ளியில் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மலையாளம் பிந்திவிடும் என்று பயந்து வீட்டில் தமிழை நிறுத்திவிடும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். தாயும் தகப்பனும் தங்களுக்கே சரியாக வராத மொழியில் பிள்ளையோடு பேசினால், பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறைப் பேச்சுதான். அன்றைய பாடத்தை இரவுச் சாப்பாட்டின்போது தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மொழியில் தெளிந்த கருத்து மறு மொழிக்கு எளிதில் பெயர்ந்து போகும்.

நம் சங்கங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் இது பொருந்தும். அங்கே தமிழ் நன்றாகப் பேசும் பிள்ளையும், பேசினால் புரிந்துகொண்டு மலையாளத்தில் பதில் சொல்லும் பிள்ளையும், எழுத்தே அறியாத பிள்ளையும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். எல்லோரையும் அரிச்சுவடியில் தொடங்க வைத்தால், பாதிப் பிள்ளைகள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஒரு கதையைச் சொல்லி, ஒருவன் நடிக்க, ஒருத்தி வரைய, ஒருவன் எழுத, இன்னொருவன் மலையாளத்தில் மாற்றிச் சொல்ல விட்டுப் பாருங்கள். வகுப்பு கலகலப்பாகிவிடும், எழுத்தும் பின்னாலேயே வந்து சேரும்.

கல்லாற்றின் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஆறு அவற்றை ஒரே அச்சில் வார்க்கவில்லை, ஒவ்வொன்றையும் அதனதன் போக்கில் உருட்டி அழகாக்கியிருக்கிறது. நம் பிள்ளைகளும் அப்படித்தான். அடுத்த முறை "இவளுக்குப் பாடம் ஏறவில்லை" என்று யாராவது சொன்னால், "எந்தப் பாடம்? எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் கை கொடுக்க முன்வரும் இளைஞர்கள், வரும்போது ஒரு தாம்பாளமும் கொஞ்சம் மணலும் கொண்டுவந்தால் போதும். முதல் பாடத்தை நானே நடத்தக் காத்திருக்கிறேன்.